பெயின்ட் வாளிக் கற்றாழை

இன்று காலை எதிர்வீட்டு சாந்தி ஒரு மடல் கற்றாழை கேட்டு வந்தாள். குக்கர் ஆவி கையில் அடித்துவிட்டதாம். கத்தியை வைத்ததும் மஞ்சள் பால் சொட்டியது. அந்தக் கசப்பு வாடை மூக்கில் ஏற, நீ நினைவில் வந்து நின்றாய், பக்கத்து வீட்டுக்காரனாய், லோரி சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு.

கிள்ளானில் நம் நாலாவது மாடி நடைபாதையில், பழைய பெயின்ட் வாளியில் ஒரே ஒரு செடி. வாரத்துக்கு ஒரு கை தண்ணீர். அதை வைத்துக்கொண்டு நான் அளந்த அளப்பு கொஞ்சமா? "ஷா ஆலம் ரோடு வெயில்ல உருகினப்ப என் கத்தாழையத் தடவித்தான்டா ஆற வச்சானுங்க! செத்தவனையே எழுப்பி நாசி லெமாக் பொட்டலம் வாங்க அனுப்பும்!" மாடியே சிரிக்கும். நீயும் சிரிப்பாய். சிரித்து முடித்து, நம்பியும் விடுவாய். அதை நான் கவனிக்கவில்லை.

உனக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. குதிகாலில் செருப்புக் கடித்த புண்.

"கிளினிக் போனா லோரி ஓட்டாதேம்பான் லா. உங்க மருந்தே போதும்ண்ணே."

போடா கிளினிக்குக்கு என்று சொல்லியிருக்க வேண்டும். நானோ அரண்மனை வைத்தியர் போலத் தொண்டையைக் கனைத்து, "மூணு வாரம் போடு, புதுக் காலே முளைக்கும்" என்றேன்.

தினம் ஒரு மடல் அறுத்துப் போனாய். வாளி மொட்டையாக ஆக, எனக்குப் பெருமை. மூன்றாம் வாரம் உன் மனைவி வந்தாள். "கால் கறுத்துப் போச்சுண்ணே. வலியே இல்லையாம். உங்க மருந்து வலியை எடுத்துடுச்சுன்னு சந்தோஷமா இருக்காரு."

ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். கட்டிலில் கிடந்தபடி, "புதுக் கால் எப்பண்ணே முளைக்கும்?" என்றாய். கேலியா, நிஜமாகவே கேட்டாயா, தெரியவில்லை. பத்தாம் நாள் போய்விட்டாய். உன் மனைவி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம்.

அன்றே செடியை வேரோடு பிடுங்கி நடைபாதை மூலையில் எறிந்தேன். மண் இல்லை, தண்ணீர் இல்லை, ஒரு மாதம் பச்சையாகவே கிடந்தது. செத்தவனை எழுப்பத் துப்பில்லாதது, தான் மட்டும் சாக மறுத்தது. மறுபடி வாளியில் நட்டேன்.

இன்று சாந்தியிடம், "குழாய்த் தண்ணியில கைய வை. கொப்புளம் வந்தா கிளினிக் போயிடணும்" என்றேன்.

"என்ன அங்கிள், புதுக் கை முளைக்கும்னு சொல்வீங்கன்னு பார்த்தேன்!" சிரித்துக்கொண்டே போனாள். மடலை நான் கொடுக்கவில்லை.

மதியம், மஞ்சள் பால் காய்ந்த அதே கையால், கழுவாமல் சோறு பிசைந்து, அந்தக் கசப்போடே தின்றேன்.