அடியில் பூசிய கறுப்பு

ஒரேத்தோ, பலெர்மோ
நவம்பர் 18, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள சுஜன் அண்ணாவுக்கு,

இங்கே அம்மா, அப்பா, நான் மூவரும் சுகமாக இருக்கிறோம், அங்கே அந்தப் பனிக்குள் நீங்களும் சளி காய்ச்சல் அண்டாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, உடம்பு தெம்பாக இருக்கவேண்டும் என்று நல்லூர் முருகனைக் கேட்டுக்கொண்டு தொடங்குகிறேன். இது அம்மாவின் கடிதம், கையெழுத்து மட்டும்தான் என்னுடையது. அம்மாவையே எழுதச் சொல்லிப் பேனையை நீட்டினேன், "நான் எழுதினா ஏச்சாய் வரும் பிள்ளை, நீ எழுது, கடிதமாய் வரும்" என்று சொல்லிவிட்டு எனக்கு எதிரே இருந்து கீரை ஆய்கிறார். அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன், நடுவில் எனக்குத் தோன்றுவதும் கலந்துவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதி முடித்ததும் படம் பிடித்து இன்றைக்கே உங்கள் போனுக்கு அனுப்பிவிடுவேன், தாள் பின்னால் தபாலில் வரும். போனிலேயே சொல்லலாமே என்று நினைப்பீர்கள். போனில் என்றால் நீங்கள் "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்று சொல்லிக்கொண்டே வேறு வேலை பார்ப்பீர்களாம், கடிதம் என்றால் இரண்டாம் தரமும் வாசிக்கலாமாம்.

முதலில் வீட்டுச் செய்தி. அப்பாவுக்கு ஸ்ஃபெர்ராகவால்லோ உணவகத்தில் இப்போது வேலை குறைவு, குளிர் தொடங்கியதும் சனி ஞாயிறில்தான் மேசை நிறைகிறது, மற்ற நாட்களில் மீன் துப்புரவாக்கி முடித்துவிட்டு மத்தியானமே வீட்டுக்கு வந்துவிடுகிறார். வந்தால் சும்மா இருக்கமாட்டார், போன கிழமை குளியலறைக் குழாயைத் திருத்துகிறேன் என்று கழற்றிக் கீழ்வீட்டுக் கூரை வரைக்கும் நனைத்துவிட்டார். சறோஜா மாமி முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து நடக்கிறார், உங்களை மிகவும் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். எனக்கு லத்தீன் சோதனையில் பத்துக்கு ஏழு கிடைத்தது, அம்மா அதை எழுதவேண்டாம் என்றார், நான் எழுதிவிட்டேன்.

இனி நீங்கள் வாங்கப்போகும் வண்டி விஷயம். நீங்கள் அனுப்பிய பதினான்கு படங்களையும் அப்பா ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டாம் ஆண்டுப் பிக்கப், கடற்பச்சை நிறம், வெள்ளைக் கூரை, மரப்பலகை பதித்த பின்தட்டு. "எழுபத்திரண்டோ! அது இரும்பு. இப்ப வாற காரெல்லாம் பிஸ்கற் தகரம்" என்று சொல்லி, உணவகத்துச் சமையல்காரர்களுக்கெல்லாம் காட்டிவிட்டு வந்திருக்கிறார். "பேரப்பிள்ளையின்ரை படம் காட்டுற மாதிரிக் காட்டித் திரியிறார், மனிசனுக்கு வெக்கமில்லை" என்று அம்மா சொன்னார், ஆனால் பாத்திரம் கழுவும்போது என்னைக் கூப்பிட்டு, அந்தப் பச்சைப் படத்தை இன்னொருக்கால் காட்டு என்று கேட்டதும் அவர்தான். மூன்று குளிர்காலமாக வேலைக்குப் போக மற்றவர்களின் காரில் இடம் கேட்டுக் கேட்டுப் போனேன், இந்தக் குளிர்காலம் எனக்குப் பிடித்த, என்னுடைய வண்டியில் போகவேண்டும் என்று நீங்கள் எழுதியிருந்ததை அம்மா என்னை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நடந்ததற்கு வருகிறேன். கண்ணூறு நாவூறு படாமல் ஒரு துணியில் உப்பும் செத்தல் மிளகாயும் முடிந்து சீற்றுக்கு அடியில் வை என்று அம்மா சொன்னார். நீங்கள் பெரிதாகச் சிரித்து, "அம்மா, இஞ்சை பனி உருகிறதுக்கு ரோட்டு முழுக்க உப்புத்தான் கொட்டுறவை, எந்த நாவூறும் கிட்ட வராது" என்றீர்கள். பிறகு, "பயப்பிடாதேங்கோ, வண்டி முழுக்க றெஸ்தவுறாத்தோ, எல்லாம் புதுசாக்கினது" என்றீர்கள். அதோடு அம்மாவின் பேச்சு நின்றுவிட்டது. நீங்கள் இரண்டு முறை ஹலோ ஹலோ என்று கூப்பிட்டீர்கள், பின்னர் குரல் மாறி, "நான் ஆசைப்பட்ட ஒண்டுக்கெண்டாலும் ஒருநாள் சந்தோசமாய்ச் சரியெண்டு சொல்லியிருக்கிறீங்களோ" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டீர்கள். அண்ணா, அம்மா கோபத்தில் பேசாமல் இருக்கவில்லை. இந்தக் கடிதமே அதைச் சொல்வதற்குத்தான்.

நீங்கள் வைத்த பிறகு அம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "ரோட்டிலை உப்புக் கொட்டுறது மெய்யோ?" என்பதுதான். நான் தேடி வாசித்துச் சொன்னேன், மெய்தான், உப்பு பனிக்கட்டியை உருக்கிவிடும், அந்த உப்புத்தண்ணீர் சில்லில் பட்டு வண்டியின் அடிக்குத் தெறிக்கும், பழைய இரும்பின் பொருத்துகளுக்குள் போய் இருந்துகொண்டு உள்ளிருந்து தின்னும். அம்மா தலையாட்டினார். அவருக்குத் தெரியாத புதிய விஷயம் எதையும் நான் சொல்லிவிடவில்லை போல இருந்தது. பிறகுதான் கால்சாவில் தான் வேலை செய்யும் இடத்தில் நடந்ததைச் சொன்னார். இதை அவர் அப்பாவுக்குக்கூடச் சொன்னதில்லையாம்.

அம்மா பதினெட்டு வருடமாக வேலை செய்யும் அந்தப் பழைய மாளிகையை உங்களுக்குத் தெரியும், சிறுவயதில் கோடை விடுமுறையில் அதன் படிகளில் இருந்து வீட்டுப்பாடம் செய்திருக்கிறீர்கள். மேல்மாடியில் வீட்டுக்காரச் சிஞ்ஞோரா இருக்கிறார், கீழ்வீடு கனகாலம் பூட்டிக் கிடந்தது. கடல் பக்கத்தில் இருப்பதால் அந்தக் கீழ்ச்சுவர் ஒவ்வொரு மழைகாலமும் உப்புப் பூக்கும், வெள்ளை மா போல உதிரும், அம்மாதான் கூட்டி அள்ளுவார். இரண்டு வருடத்துக்கு முன் ஆட்கள் வந்து ஆடி மாத வெயிலில், சுவரெல்லாம் காய்ந்திருந்த நேரம், இடுப்பளவு உயரத்துக்குப் புதிதாகச் சாந்து பூசி, வெள்ளையடித்து, வாசலில் "றெஸ்தவுறாத்தோ" என்று பலகை தொங்கவிட்டார்கள். பார்க்க ஒரு இளம் தம்பதி வந்தார்கள், அந்தப் பெண்ணுக்கு ஏழாம் மாதம். கூரையில் பழைய ஓவியம் இருக்கிறது, வந்தவர்கள் எல்லோரையும் போல அவர்களும் கழுத்தை நிமிர்த்தி அதைத்தான் பார்த்தார்கள். "வாறவை எல்லாரும் மேலைதான் பாக்கினம். நான் நிலம் துடைக்கிறவள், எனக்குக் கீழை தெரியும்" என்று சொன்னபோது அம்மா கீரையைக் கீழே வைத்துவிட்டார். அந்தப் பெண் போகும்போது படியில் நின்று அம்மாவிடம் நேராகக் கேட்டிருக்கிறார், வீடு எப்படி, நீங்கள் இங்கே தினமும் வருகிறீர்கள்தானே என்று. வீடு காட்ட வந்தவர் பக்கத்தில் நின்றார், மேலே சிஞ்ஞோராவும் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா சிரித்துக்கொண்டு "பெல்லா, பெல்லா" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அழகு, அழகு. அது பொய்யுமில்லை, வீடு அழகுதான். அவர்கள் வாங்கினார்கள். தைமாதம் சாந்து கொப்புளித்தது, தொட்டில் வைத்திருந்த மூலையில் சுவர் முழுக்க வெள்ளையாகப் பூத்தது, குழந்தைக்கு இருமல் விட்டபாடில்லை. அந்தப் பெண் இப்போதும் அம்மாவைக் காணும்போதெல்லாம் முகம் மலர வணக்கம் சொல்கிறார், அதைத்தான் அம்மாவால் தாங்கமுடியவில்லையாம். "ஏசினா நல்லாயிருக்கும் பிள்ளை. அந்தப் பிள்ளை சிரிக்குது."

ஆகவே அண்ணா, ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அதே சொல்லைச் சொன்னதும் அம்மாவின் வாயில் வந்து நின்றது "பெல்லா" தானாம். சொல்லியிருந்தால் நீங்கள் சந்தோஷமாகப் போனை வைத்திருப்பீர்கள். சொல்ல மனம் வரவில்லை, வேறு என்ன சொல்வதென்றும் தெரியவில்லை, அதனால் பேசாமல் இருந்துவிட்டார்.

நேற்று அம்மா சொன்னபடி விற்பவரின் விளம்பரத்தை நான் ஆங்கிலத்திலிருந்து வரி வரியாகத் தமிழாக்கினேன். சில சொற்களுக்கு அகராதி மட்டும் போதவில்லை, அப்பாவிடமும் கேட்டேன். இயந்திரம் திருத்தியது, பிறேக் புதியது, கதவின் றப்பர் புதியது, இருக்கைத் தோல் புதியது, எல்லாவற்றுக்கும் அம்மா ம் கொட்டிக்கொண்டு வந்தார். கடைசியில் ஒரு வரி, "அடிப்பகுதி முழுவதற்கும் சென்ற மாதம் தடித்த கறுப்புப் பாதுகாப்புப் பூச்சு." அப்பா அதைக் கேட்டு, பார்த்தியா, நல்ல கவனமான மனிசர் என்றார். அம்மா, "அடியை ஆர் குனிஞ்சு பாக்கப் போகினம்? ஒருத்தரும் பாக்காத இடத்துக்கு விக்கிறதுக்கு ஒரு மாசம் முந்தி ஏன் பூசினவர்?" என்று கேட்டார். நான் இதைப் பற்றியும் தேடி வாசித்தேன், அந்தப் பூச்சு நல்ல இரும்புக்கு உண்மையிலேயே காவல்தானாம், ஆனால் துருவின் மேல் பூசினால் ஈரத்தை உள்ளே அடைத்துவைத்துக்கொள்ளுமாம், பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே கறுப்புத்தான். அந்த மனிதர் நேர்மையானவராக இருக்கலாம், நாங்கள் அவரைக் குறை சொல்லவில்லை. தெரியாது என்று மட்டும்தான் சொல்கிறோம்.

இப்போது அம்மா சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். சனிக்கிழமை விலை பேசி முடித்துக் கைகொடுப்பதற்கு முன், விற்பவருக்குப் பழக்கமில்லாத ஒரு மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோய் உயர்த்தச் சொல்லுங்கள். நீங்களும் அடியில் போய் நின்று பாருங்கள், அவர் பார்த்துச் சொல்வது போதாது. வண்டியைத் தாங்கும் நீளமான இரண்டு சட்டங்களிலும், சில்லுக்குக் கிட்டவும், அந்தக் கறுப்பை நாலு இடத்தில் சுரண்டி, ஆணி முடுக்கும் திருப்புளியின் பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் இரும்பு, சொத்தென்று கேட்டால் வெறும் பூச்சு. இது அப்பா சொன்னது, அம்மா ஒத்துக்கொண்டார். சுரண்டக் கூடாது என்று விற்பவர் சொன்னால் அதையே மறுமொழியாக எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள், சண்டை வேண்டாம். நெஞ்சுக்குக் குறுக்காகப் போடும் பெல்ற் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்கிறார், படத்தில் இடுப்புக்கு மட்டும்தான் தெரிந்தது, இல்லையென்றால் பூட்டிய பிறகுதான் முதல் ஓட்டம். முன்கண்ணாடிக்குப் பனி விலகச் சூடு அடிக்கிறதா என்பதையும் மறக்கவேண்டாம். இரும்பு நன்றாக இருந்தால் வாங்குங்கள். அம்மா அழுத்திச் சொல்கிறார், வாங்கு தம்பி, பச்சை நிறம் உனக்கு நல்ல வடிவாயிருக்கும், நானே பாத்தனான். இதை நான் ஒரு சொல்லும் மாற்றவில்லை. வாங்கியபின் கிழமைக்கு ஒருக்கால் அடியைத் தண்ணீரால் நன்றாகக் கழுவவேண்டும், உப்பைத் தங்கவிடக் கூடாது. சீற்றுக்கு அடியில் வைக்கச் சொன்ன உப்பு முடிச்சை அம்மா திரும்ப எடுத்துக்கொள்கிறார், தேசிக்காயைச் சில்லின் கீழ் வைத்தால் போதுமாம்.

நீங்கள் கேட்ட கேள்விக்கும் அம்மா மறுமொழி சொன்னார். ஆசைப்பட்டதற்கெல்லாம் நான் சரி என்று சொல்லவில்லைத்தான், அதை நான் மறுக்கவில்லை, ஆனால் சும்மா சரி என்று சொல்லுவது எனக்கு மிகவும் இலேசு, அந்நிய மனிதர்களுக்கு நான் அப்படித்தான் சொல்கிறேன் என்று சொல் என்றார். எழுதிவிட்டு நானும் ஒன்று கேட்டேன். சட்டம் கொஞ்சம் துருப்பிடித்திருந்து, அண்ணா அதையும் மீறி வாங்கிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று. அம்மா கீரைத் தண்டுகளை ஒரே நீளத்துக்கு முறித்து அடுக்கினார். பிறகு, "வாங்கினாப் பிறகு நான் வாய் திறக்கமாட்டன். அவனுக்கு இருபத்தேழு வயசு. வேலையிலை போய் இறங்கினவுடனை 'வந்திட்டன்' எண்டு ஒரு சொல் போடச் சொல்லு, வேறை ஒண்டும் எழுதத் தேவையில்லை" என்றார்.

கடவுள் துணையால் உங்கள் பாதை எல்லாம் வழுக்காமல், கையும் காலும் சுகமாக, மனம் விரும்பியது நல்லபடியாகக் கைக்கு வந்து சேர அம்மாவும் அப்பாவும் தலைதொட்டு ஆசீர்வதிக்கிறார்கள். மறக்கவேண்டாம், சனிக்கிழமைக்கு முன் மெக்கானிக், சுரண்டாமல் கையெழுத்து இல்லை. இன்னொன்று நான் கணக்குப் பார்த்து அம்மாவுக்குச் சொன்னேன், நீங்கள் அங்கே காலை ஏழேகாலுக்கு வேலையில் இறங்கும்போது இங்கே பிற்பகல் இரண்டேகால். அம்மா வேலை முடிந்து கால்சாவில் பஸ்ஸுக்கு நிற்கும் நேரம். முதல் பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததில் வந்தாலும் பரவாயில்லையாம், உங்கள் சொல் வந்தபிறகுதான் ஏறுவாராம்.

இப்படிக்கு,
என்றும் உன் நன்மையை நினைக்கும் அம்மா,
நகுலேஸ்வரன் ஞானாம்பிகை

(அவர் சொல்ல எழுதியது, தங்கை அபிதா)