நீ சாவியைத் திருப்பாத காலை

நைனா,

இன்று காலை கார் கதவைத் திறந்ததும் ஆரஞ்சுத் தோல் வாசம் மூக்கில் ஏறியது. உன் பேத்தி நேற்று பின் சீட்டில் உட்கார்ந்து பழத்தைத் தின்றுவிட்டுத் தோலைச் சீட்டுக்கு அடியில் தள்ளியிருக்கிறாள். திட்ட வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். இதே வண்டியில், இதே சீட்டில், பிரசவ வலியோடு நான் கிடந்த அந்தக் காலை ஞாபகம் வந்துவிட்டது. சாவியைப் போட்டுவிட்டு, திருப்ப மாட்டேன் என்று நின்றாயே, அந்தக் காலை.

துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டியே தலை நரைத்தவன் நீ. சொந்தமாக வாங்கிய முதல் வண்டி இந்தப் பழைய வெள்ளைக் கார்தான். திருவொற்றியூரில் நம் தெருவோ மீன் வாசம் போகாத தெரு, பூனைகளுக்குச் சொல்லவா வேண்டும். வண்டியை நிறுத்திவிட்டு வந்து நீ சட்டையைக் கழற்றுவதற்குள் சூடான பானெட்டில் ஒன்று சுருண்டு படுத்திருக்கும். விடிந்தால் கண்ணாடியெல்லாம் மண் கால்தடம், பெயின்ட்டில் கீறல். "எப்டி கலீஜ் பண்ணி வெச்சிகீது பாரு" என்று துணியும் கையுமாக நீ புலம்புவாய். "பெத்த பொண்ண கூட இப்டி தொடச்சதில்ல இந்த மனுசன்" என்பாள் அம்மா.

காசிமேட்டில் படகுக்குப் போகிற மாமா பழைய வலை ஒன்றைக் கொண்டுவந்தார். கால் வைத்தால் நகம் மாட்டும், பூனை ஏறாது என்பது அவர் கணக்கு. கடல்காரர் வீட்டைத் தவிர வேறெங்கும் இந்த யோசனை பிறந்திருக்காது. நீயும் ஆசை ஆசையாகப் போர்த்திவிட்டாய். அந்த வலையில் ஊறியிருந்த மீன் நாற்றம் உங்கள் இரண்டு பேர் மூக்குக்கும் தெரியவே இல்லை. காலையில் பார்த்தால் நம் தெருப் பூனை, பக்கத்துத் தெருப் பூனை எல்லாம் வண்டிமேல் பந்தி உட்கார்ந்து வலையை நக்கிக்கொண்டிருந்தன.

மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த முறை ஒரு பொட்டலத்தோடு வந்தார். "எலி மருந்து. ரெண்டு நெத்திலில தடவி வெச்சிரு மச்சான், பேஜாரு தீந்துரும்."

உன் முகம் மாறியது. "வண்டி என்னுது. பூனை ஏறாம பாத்துக்க வேண்டியது நானு. அத்த எதுக்குடா சாவடிக்கணும்?" பொட்டலத்தை அவர் கையிலேயே திணித்தாய். போகிற வழியில் எங்காவது வைத்துவிடுவாரோ என்று பயந்து, தெருமுனைவரை அவர் கூடவே நடந்தாய். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த நான் வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஜூஸ் கடையிலிருந்து ஆரஞ்சுத் தோல் அள்ளி வந்து வண்டியைச் சுற்றிப் போட்டாய். பூனைக்கு அந்த வாசம் ஆகாது, ஆனால் தோல் காய்ந்ததும் பழைய குருடி கதவைத் திறடி. வினிகரைத் தண்ணீரில் கலந்து தரையில் தெளித்தாய். பூனை போனதோ இல்லையோ, நான் வாந்தி எடுத்தேன். அன்றோடு அதை விட்டுவிட்டு, கெட்டித் துணியில் வண்டிக்கு உறை தைத்து மாட்டினாய். நம் வாசலில் மீன் கழுவுகிற மீன்காரம்மாவை அடிபம்பு பக்கம் போகச் சொன்னாய். "பூனை வருதுன்னு என்ன தொரத்திறியா?" என்று அவள் சண்டைக்கு வந்தாள். "உன்ன இல்லம்மா, மீன் செதில" என்றாய். சிரித்துக்கொண்டே கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

ஆனாலும் பூனைகள் உறைமேல் ஏறிப் படுத்தன. "அதுங்க சூடு தேடி வருது. வேற எடத்துல சூடு குடுத்தா அங்க போயிரும்" என்று, வெயில் விழும் தண்ணீர் மோட்டார் ரூம் கூரைமேல் சாக்கை மடித்துப் போட்டாய். பூனைகள் அங்கே குடியேறின, ஒன்று குட்டியும் போட்டது. வண்டி பளிச்சென்று நின்றது.

மழை பிடித்தது. சாக்கு ஊறிப் போனது. அப்படி ஒரு மழைக் காலையில் எனக்கு வலி கண்டது. குழந்தையின் தலை திரும்பவில்லை, வலி வந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காதீர்கள் என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். ஆஸ்பத்திரி ராயபுரத்தில். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டிவிட்டால் அவ்வளவுதான்.

நீ உறையை உருவினாய், என்னைப் பின் சீட்டில் படுக்க வைத்தாய், சாவியைப் போட்டாய். பிறகு வழக்கம்போல் இறங்கிப்போய் பானெட்டை இரண்டு தட்டுத் தட்டினாய். டிரெய்லர்கள் துறைமுக வாசலில் நாள் கணக்கில் காத்துக் கிடக்கும்போது கிளீனர்கள் வண்டிக்கு அடியில் நிழலில் படுத்துத் தூங்குவார்கள். சுற்றி வந்து தட்டாமல் நீ எந்த வண்டியையும் எடுத்ததில்லை. "தட்டாம எடுத்த வண்டி எவ தாலியையாவது எடுத்துகினுதான் போவும்" என்பாய்.

அன்று உள்ளேயிருந்து பதில் வந்தது. மெல்லிசாக ஒரு மியாவ்.

பானெட்டைத் தூக்கினாய். சாக்கு நனைந்ததும் தாய்ப்பூனை கொண்டுவந்து ஒளித்து வைத்த, கண் திறக்காத குட்டிகள். ஒன்றை எடுத்து அம்மாவிடம் கொடுத்தாய், இன்னொன்றையும் கொடுத்தாய், அவள் இரண்டையும் திண்ணையில் விட்டாள். மூன்றாவது ஃபேனுக்குப் பின்னால் எங்கோ சிக்கிக்கொண்டு கத்தியது.

"வுடுய்யா, பொண்ணு துடிக்குது" என்று அம்மா அழுதாள்.

"நைனா, பூனையா நானா?" என்று நான் அலறினேன்.

நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முழங்கைவரை உள்ளே விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாய். அந்த நேரத்தில் உன்னை நான் வெறுத்தேன். பெற்ற மகளைவிட ஒரு தெருப் பூனையா என்று வயிறு எரிந்தது.

கையை வெளியே எடுத்தாய், ரத்தம். "எட்டல" என்றாய். சாவியைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு மழையில் ஓடினாய். மீன் இறக்கிவிட்டுக் காசிமேட்டுக்குத் திரும்பிய ஒரு வேனை ரோட்டின் நடுவில் நின்று மறித்தாய். எங்கள் இரண்டு பேரையும் முன்னால் ஏற்றிவிட்டு, நீ பின்னால் காலி ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் நின்றாய். நினைத்தபடியே லாரி வரிசை. குதித்து இறங்கி, வேனுக்கு முன்னால் ஓடி, ஒவ்வொரு லாரியாகத் தட்டினாய். "ஒதுக்குப்பா, எம்பொண்ணுக்கு வலி." பாதிப் பேர் உனக்குத் தெரிந்தவர்கள். வழி பிறந்தது. ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள்.

சாயங்காலம் வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாய். வீட்டுக்குப் போய்ப் பார்த்தாயாம், தாய்ப்பூனை மூன்றாவதையும் கவ்விக்கொண்டு போய்விட்டதாம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். குழந்தையைப் பார்த்தபடி, யாரிடமோ பேசுவதுபோல் சொன்னாய்.

"சாவிய திருப்பிகினு நேரா வந்திருக்கலாம். வருசா வருசம் இவ பொறந்த நாளுக்கு நீங்க கேக்கு வெட்டுவீங்க. என் காதுல மட்டும் ஃபேன்ல அது சிக்குன சத்தம் கேட்டுகினு இருக்கும். உனக்கும் கேக்கும்மா."

அப்போது எனக்குக் கோபம் ஆறவில்லை, ஆறியதைப் பின்னால் உன்னிடம் சொல்லவும் வாய்க்கவில்லை.

இன்று அவள் பிறந்த நாள். நீ இல்லாமல் வந்த முதல் பிறந்த நாள். சற்று முன்தான் கேக் வெட்டினாள், தெருப் பிள்ளைகளெல்லாம் கூடிக் கத்திப் பாடினார்கள். நான் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டு நின்றேன். வேறு ஒரு சத்தமும் இல்லை, நைனா.