கிலிஃபி சாலையில் அப்பா கார் ஓட்டியது

மச்சாகோஸ்
19 ஆகஸ்ட் 1996

அன்பு மகள் கலுகிக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். நீ பொரித்துக் கட்டிக்கொடுத்த மகம்ரி அப்பம், பஸ் வோய் ஊரைத் தாண்டுவதற்குள் தீர்ந்துவிட்டது.

அறுபத்திரண்டு வயதில் எனக்கு முதல் விடுமுறைப் பயணம். கடலோரத்தைச் சுற்றிக்காட்ட வாடகைக்குக் கார் எடுத்து, மொம்பாசாவிலிருந்து மாலிந்தி போகும் வழியில் என்னையே ஓட்டவும் விட்டாய். காற்றில் உப்பு வாசனை, சக்கரத்தடியில் வழவழவென்று தார்! இருபத்தாறு வருடம் அடுத்தவர் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போனவன் நான். தன் பிள்ளையோடு ஊர்சுற்றும் சுகம் எனக்குப் புதிது. சொல்லிச் சொல்லி, பக்கத்து வீட்டுத் தபிதாவுக்குக் காது புளித்திருக்கும்.

ஒரே குறை, நீ ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தது. டிரைவர் கையிலிருந்து யாராவது அப்படிப் பிடுங்குவார்களா? போகட்டும். செப்டம்பர் இரண்டாம் தேதி பள்ளி திறக்கிறது. வேனைக் கழுவி வைத்துவிட்டேன்.

உன் அப்பா,
முசெம்பி


மொம்பாசா
24 ஆகஸ்ட் 1996

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன.

அன்று வேகத்தடைகளில் எல்லாம் தலை இடித்தபோது, உங்களுக்குப் பழக்கமில்லாத ரோடு, அதனால்தான் என்று நினைத்தேன். கிலிஃபி பாலத்தடியில் கடல் பச்சையும் நீலமுமாகக் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே வந்ததில் உங்களைப் பார்க்காமல் விட்டேன். பிறகு காடு தொடங்கும் இடத்தில், பட்டப்பகலில், மஞ்சள் தண்ணீர்க் கேனோடு ஒரு சிறுமி சாலையைக் கடந்தாள்.

"அப்பா! புள்ள, புள்ள!"

"எங்கடி?" என்றீர்கள்.

அந்த "எங்கடி"தான் என்னைத் தூங்கவிடவில்லை. நான் ஸ்டியரிங்கை இழுத்தேன். கேன் நசுங்கியது. அவள் செருப்பை விட்டுவிட்டு ஓடினாள்.

நீங்கள் சிரித்தீர்கள். "பாத்துட்டுத்தான் இருந்தேன். உனக்கு எவ்வளவு தைரியம்னு சோதிச்சேன்." நானும் சிரித்தேன். வத்தாமுவில் இறங்கி மீன் சாப்பிட்டோம், போட்டோ எடுத்துக்கொண்டோம். அதற்கப்புறம் சாவியை நான் வாங்கிக்கொண்டேன், ஏன் என்று சொல்லவில்லை. அன்றே கேட்டிருக்க வேண்டும்.

கண் டாக்டரைப் பாருங்கள், அப்பா. பார்க்கும்வரை வேனை எடுக்காதீர்கள். உள்ளே பதினான்கு பிள்ளைகள்.

உங்கள் மகள்,
கலுகி


மச்சாகோஸ்
8 செப்டம்பர் 1996

மகளே,

டாக்டரிடம் போய்வந்தேன். வயதுக்கேற்ற பார்வைதான், பயமில்லை என்றார். பேனா சரியில்லை, எழுத்துக்குக் குறை சொல்லாதே.

பள்ளி திறந்துவிட்டது. "முசெம்பி தாத்தா, ஹார்ன் அடிங்க!" என்று அதே கூச்சல். உன் அம்மா போனபிறகு காலையில் என்னைப் படுக்கையிலிருந்து எழுப்புவது அவர்கள்தான். ஒரு கேனுக்காக என்னை வீட்டில் உட்கார வைக்கப் பார்க்கிறாயா?

அப்பா


மொம்பாசா
14 செப்டம்பர் 1996

அன்புள்ள அப்பாவுக்கு,

என்னோடு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்யும் நம் ஊர்ப் பெண், லீவில் அங்கே வந்தபோது ஆஸ்பத்திரியில் விசாரித்தாள். கண் டாக்டர் ஒரு மாதமாக ஊரிலேயே இல்லையாம்.

நேரில் வந்து காலைப் பிடிக்கலாமென்று லீவு கேட்டேன். சீசன் முடியும்வரை இல்லை என்றுவிட்டார்கள். ஒவ்வொரு நாளும் காலை ஏழு மணிக்கு, இப்போது வேன் கிளம்பியிருக்கும் என்று நினைப்பு வரும். காய் நறுக்கும் கத்தி அப்படியே நிற்கும்.

வேறு வழி தெரியாமல் தலைமையாசிரியைக்கு எழுதிவிட்டேன். இரண்டு கடிதங்களையும் ஒன்றாகத் தபாலில் போடுகிறேன். அவருக்கு எழுதியது முந்திக்கொண்டால் என்னை மன்னியுங்கள்.

கலுகி


மச்சாகோஸ்
29 செப்டம்பர் 1996

கலுகிக்கு,

நான் சொல்லச் சொல்லத் தபிதா எழுதுகிறாள்.

போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி, தலைமையாசிரியை கூப்பிட்டார். "சுவத்துல காலண்டர் இருக்கு. இன்னிக்குத் தேதியக் காட்டுங்க" என்றார். எந்தச் சுவர் என்று தேடிக்கொண்டு நின்றேன்.

"விடுங்க முசெம்பி. சாவியக் குடுங்க." கொடுத்தேன்.

இரண்டு வருடமாகவே இப்படித்தான். இந்த ஊர் ரோடு எனக்கு மனப்பாடம். எந்த மேட்டில் கியர் மாற்றுவது, எங்கே வளைவு, எல்லாம் கைக்குத் தெரியும். பிள்ளைகளைக் குரலை வைத்து எண்ணிக்கொள்வேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. நீ கூட்டிப்போனது எனக்குத் தெரியாத ரோடு.

அந்தச் சிறுமியை நான் பார்க்கவில்லை. ஏதோ நசுங்கும் சத்தம்தான் கேட்டது. என்னவென்று உன்னிடம் கேட்கப் பயந்துதான் சிரித்தேன். உன் கடிதம் வந்த பிறகும் மூன்று வாரம் வேன் ஓட்டினேன். இதைச் சொன்னதும் தபிதா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "எழுதும்மா, அதையும் எழுது" என்றேன்.

நீ செய்தது சரி. வாய் அப்படிச் சொல்கிறது, மனம் இன்னும் சொல்லவில்லை. சொல்லும்போது தெரிவிக்கிறேன். அதுவரை எனக்கு எழுதாதே. இதுவரை கண்ணோடு ஒட்டிவைத்துப் படித்துவந்த உன் கடிதத்தை இன்னொருவர் குரலில் கேட்க என்னால் முடியவில்லை.

முசெம்பி