இரண்டாவது லஸ்மினியை நேரில் அழைத்து வரச் சொன்னது குறித்து

அனுப்புநர்:
லஸ்மினி,
முனைவர் பட்ட ஆய்வாளர் (பதினான்காம் பருவம்),
மின் பொறியியல் துறை,
கெலுட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்,
கெடிரி, கிழக்கு ஜாவா.

பெறுநர்:
உயர்திரு முனைவர் கஸ்முரி அவர்கள்,
தலைவர், ஆய்வுப் பட்டப் பிரிவு,
கெலுட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்,
கெடிரி.

பொருள்: முனைவர் பட்டத் தகுதிகள் – ஆய்விதழ்க் கட்டுரையை எழுதியவர் ஒருவரா இருவரா என்ற ஐயம் – இல்லாத ஆளின் ஒப்புதல் கடிதம் கோரப்படுவது – தங்கள் தலையீடு வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகம் என் கோப்பைத் திருப்பி அனுப்பிய மூன்று குறிப்புகள்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. காற்றடிக்கும் மாதங்களில் நம் ஊரில் விடப்படும் பட்டங்களின் நூலும் கம்பியும் மின்தடங்களில் சிக்கி, மருத்துவமனை உட்பட ஊரே இருண்டுபோவதைத் தாங்கள் அறிவீர்கள். அப்படிச் சிக்கியது எந்தக் கம்பத்துக்கும் எந்தக் கம்பத்துக்கும் நடுவில் என்பதை, ஊழியர்கள் தெருத் தெருவாக அலையாமல், துணைமின் நிலையத்திலிருந்தே சில நொடிகளில் கண்டுபிடிக்கும் முறையே என் ஆய்வு. சுருங்கச் சொன்னால், வானத்துப் பட்டத்தை ஆராய்ந்து தாங்கள் தரும் பட்டத்தைப் பெற வந்தவள் நான். முன்னது எங்கே சிக்கியிருக்கிறது என்று இப்போது என்னால் சொல்ல முடியும். பின்னது தங்கள் அலுவலகத்தின் நான்காம் எண் சாளரத்தில் சிக்கியிருக்கிறது.

2. இதர தகுதிகள் அனைத்தையும் நிறைவு செய்துவிட்டேன். பாடத் தேர்வுகள், தகுதித் தேர்வு, இரண்டு கருத்தரங்கங்கள் முடிந்தன. ஆங்கிலத் தேர்வில் இருமுறை தேறினேன். முதல் சான்றிதழ் தங்கள் மேசையில் காத்திருந்தபோதே காலாவதியானதால், ஆங்கிலத்தை மறக்கவில்லை என்று மீண்டும் நிரூபிக்க வேண்டியிருந்தது. பிறர் எழுத்தைத் திருடவில்லை என்பதற்கான கணினிச் சோதனையில் இருபது விழுக்காடு அனுமதி. எனக்கு இருபத்தொன்று வந்தது. கூடுதலாக வந்த ஒரு விழுக்காடு எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். "இந்த ஆய்வேட்டில் எதுவும் நகலெடுக்கப்படவில்லை என உறுதியளிக்கிறேன்" என்று தாங்கள் எல்லாரையும் எழுத்துப் பிசகாமல் எழுதச் சொல்லும் உறுதிமொழிப் பக்கம் அது. அதற்கும் விளக்கக் கடிதம் கொடுத்தேன். அதற்காக இந்த மனு எழுதப்படவில்லை.

3. எஞ்சியது, ஆய்வாளர் முதன்மை ஆசிரியராக ஒரு பன்னாட்டு ஆய்விதழில் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற விதி. கட்டுரை சென்ற நவம்பரில் வெளிவந்தது. அந்த இதழின் இணையப் படிவத்தில் 'பெயர்', 'குடும்பப் பெயர்' என்று இரண்டு கட்டங்கள். இரண்டையும் நிரப்பாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது. எனக்கு என் அப்பா வைத்தது ஒரே ஒரு பெயர். எங்கள் வீட்டில் யாருக்கும் குடும்பப் பெயர் கிடையாது. இந்தத் தீவில் பாதிப்பேருக்குக் கிடையாது. இரண்டாம் கட்டத்தில் புள்ளி வைத்தேன், ஏற்கவில்லை. கோடு போட்டேன், ஏற்கவில்லை. கடைசியில், ஒற்றைப் பெயர்க்காரர்கள் எல்லாரும் செய்வதையே செய்தேன். கட்டுரை 'லஸ்மினி லஸ்மினி' என்ற பெயரில் வெளிவந்தது.

4. நான்காம் சாளரத்தில் பணிபுரியும் திரு. விரத்னோ அவர்கள் கட்டுரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு எனக்கு இலக்கணம் சொல்லிக் கொடுத்தார். 'இபு' என்று மரியாதையாக விளித்து அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "இபு, 'ஓராங்'னா ஒரு ஆளு. 'ஓராங்-ஓராங்'னா பல ஆளு. ரெண்டு தடவ சொன்னா பன்மை. அப்ப 'லஸ்மினி லஸ்மினி'ன்னா கொறஞ்சது ரெண்டு பேரு. இதுகூடத் தெரியாமலா டாக்டர் பட்டம் கேக்குறீங்க?" இரண்டாவது ஆசிரியரின் ஒப்புதல் கடிதமும், யார் எத்தனை விழுக்காடு எழுதினார்கள் என்ற படிவமும் வேண்டும் என்று கோப்பில் எழுதி, முத்திரை குத்தித் திருப்பினார். இது முதல் குறிப்பு.

5. சண்டை எதற்கு என்று படிவத்தை நிரப்பினேன். முதல் லஸ்மினி நூறு விழுக்காடு, இரண்டாம் லஸ்மினி பூஜ்யம். இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தது. "ஒண்ணுமே செய்யாதவங்க பேர ஏன் போட்டீங்க? இது ஒழுங்கு மீறலாச்சே, விசாரணைக் குழுவுக்குல்ல போகணும்!" என்றார். ஆளுக்கு ஐம்பது என்று போட்டால் நான் முதன்மை ஆசிரியர் இல்லையாம். இது இரண்டாம் குறிப்பு.

6. மூன்றாம் குறிப்பில் இரண்டாம் லஸ்மினியை அடையாள அட்டையுடன் நேரில் அழைத்து வரச் சொன்னார். ஐயா, என் பொறுமை அன்று போய்விட்டது என்பதை மறைக்க விரும்பவில்லை. என் அட்டையைக் காட்டிவிட்டுக் கதவுக்கு வெளியே போனேன். மீண்டும் உள்ளே வந்து, "பாக், நான்தான் அந்த இன்னொரு லஸ்மினி" என்று மரியாதை குறையாமல் அதே அட்டையை மீண்டும் நீட்டினேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். திரு. விரத்னோ சிரிக்கவில்லை. இரண்டு முறையும் நீட்டிய அட்டையில் ஒரே எண் இருப்பதாகவும், "ரெண்டு பேருக்கு ஒரே நம்பர்னா ஒண்ணு போலி" என்றும் சொன்னார். விளையாட்டாகச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் கோப்பில் எழுதிவிட்டார்.

7. இருமுறை சொன்னாலும் ஒன்றையே குறிக்கும் சொற்கள் நம் மொழியில் ஏராளம் என்று எடுத்துச் சொன்னேன். 'கூப்பு-கூப்பு' ஒரு வண்ணத்துப்பூச்சிதான். 'கூரா-கூரா' ஒரு ஆமைதான். நான் படிப்பில் சேர்ந்த ஆண்டு பிறந்த என் மகள் இந்த மாதம் ஒன்றாம் வகுப்புக்குப் போகிறாள். அவளுக்கு வாங்கி வைத்த பாடநூலில் பன்மை ஒரு பக்கத்திலும் இந்த ஆமை அடுத்த பக்கத்திலும் இருக்கிறது. தங்கள் அலுவலகம் முதல் பக்கத்தோடு நூலை மூடிவிட்டது போலும். அதற்கு அவர் தந்த பதில்: "அப்ப நீங்க ஆமையா இபு? ஏழு வருஷமா நகர்றதப் பாத்தா அப்படித்தான் தெரியுது." அவர் என்னிடம் சொன்னவற்றில் உண்மை கலந்தது இது ஒன்றுதான். அன்று கழிப்பறைக்குப் போய் அழுதேன், முகம் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

என் ஆய்வேட்டின் தலைப்பிலேயே 'லாயாங்-லாயாங்' என்ற சொல் இருக்கிறது. வானத்துப் பட்டத்துக்கு நம் மொழியில் வேறு பெயர் இல்லை. தலைப்புக்குத் தங்கள் அலுவலகம் ஒப்புதல் தந்தபோது, இரண்டாவது பட்டம் எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

8. நீதிமன்றத்துக்குப் போய்ப் பெயரை 'லஸ்மினி லஸ்மினி' என்று மாற்றிக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது திரு. விரத்னோ அவர்களின் இறுதி யோசனை. மாற்றினால், பிறப்புச் சான்று முதல் முதுநிலைப் பட்டம் வரை என் மற்றக் காகிதங்கள் அனைத்தும் வேறொருத்தியுடையவை ஆகிவிடும். மேலும் அது என் அப்பா வைத்த பெயர். ஒரு கட்டம் காலியாக இருக்கிறது என்பதற்காக அதை மாற்ற எனக்கு மனமில்லை.

9. இம்மாதம் 31ஆம் தேதியுடன், ஓர் ஆளுக்கு விதி அனுமதிக்கும் கடைசிப் பருவமான என் பதினான்காம் பருவம் முடிகிறது. அதற்குள் மூடிய அவையில் வாய்மொழித் தேர்வு நடக்காவிட்டால், விதிப்படி என் பெயர் தானாகவே நீக்கப்படும். ஏழு ஆண்டு உழைப்பும் போகும். ஆயினும் விதியை மதிப்பவள் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன். நாங்கள் இருவர் என்பதே தங்கள் முடிவானால், பதினான்கு பருவத்தை இருவர் பகிர்ந்திருக்கிறோம். ஆளுக்கு ஏழுதான் செலவாகியிருக்கிறது. மீதமுள்ள ஏழேழு பருவங்களை எங்களுக்கு எழுத்து மூலம் வழங்குமாறு வேண்டுகிறோம்.

10. கடைசியாக ஒன்று. என் ஆய்வேட்டின் மேற்கோள் பட்டியலில் பதினேழாவதாக இருப்பது, மின்தடப் பழுதுகள் குறித்து இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த ஓர் அருமையான கட்டுரை. இந்தத் துறைக்கு நான் வந்ததே அதைப் படித்துத்தான். அதன் ஆசிரியர் பெயர் 'கஸ்முரி கஸ்முரி' என்று அச்சாகியிருக்கிறது. அதை எழுதியவர் ஒருவரே என்று நம்பித்தான் இத்தனை நாளும் மேற்கோள் காட்டி வந்திருக்கிறேன். அது பிழையென்றால், மற்றவரின் முகவரியைத் தந்துதவினால் அவரிடமும் ஒப்புதல் கடிதம் வாங்கிக்கொள்வேன். பிழையில்லை என்றால், தங்களுக்கு அன்று கிடைத்த அதே கணக்கை எனக்கும் போட்டு, என் கட்டுரையை ஏற்று, 31ஆம் தேதிக்குள் தேர்வு நாள் குறித்துத் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இணைப்பு:
பிறப்புச் சான்று (ஒரு பெண் குழந்தை, இரட்டையர் அல்ல),
மூன்று குறிப்புகளின் நகல்,
ஒன்றாம் வகுப்புப் பாடநூலின் ஆமைப் பக்கம்,
மேற்கோள் எண் 17, முதல் பக்கம்.

இடம்: கெடிரி
நாள்: 8 ஜூலை 2024

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
லஸ்மினி
(ஒருவர் மட்டும்)