நீ எடுக்காத சேலைகள்

என் உயிரான அம்மாவுக்கு,

கல்லறைத் திருநாளன்று வந்தபோது உன்னிடம் ஒன்றும் பேச முடியவில்லை. சுற்றிலும் சொந்தக்காரர்கள். காற்றில் மெழுகுதிரி அணையாமல் பார்த்துக்கொள்வதே பெரிய வேலையாகிவிட்டது. வருஷம் முடியப் போகிறது, அதற்குள் உன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். களைப்பாக இருக்கிறது அம்மா. நீ இருந்தால் காய்ச்சலா என்று கழுத்தில் கை வைத்துப் பார்ப்பாய். அதெல்லாம் இல்லை.

முதலில் வீட்டுச் செய்தி. அதே தென்னூர் வீட்டில்தான் இருக்கிறோம். உன் கட்டில் மேல் இப்போது துவைத்த துணி குவிந்து கிடக்கிறது. ரீட்டா நாளுக்கு நாள் உன்னைப் போலவே பேசுகிறாள். குழாயை மூடு, ஃபேனை நிறுத்து என்று ஒரே அதிகாரம். மாமியாரும் மருமகளும் இருந்த இருப்புக்கு, இதை நீ கேட்டால் நம்பவே மாட்டாய். உன் பேரன் சென்னையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான்.

போன வருஷக் கிறிஸ்துமஸ் நீ போன துக்கத்தில் கழிந்தது. ஸ்டார் கட்டவில்லை, பலகாரம் சுடவில்லை. அக்காமார் இரண்டு பேரும் சேலையை எதிர்பார்க்கவும் இல்லை. இந்த வருஷம்தான் எல்லாம் மொத்தமாக என் தலையில் விழுந்தது. கட்டிக்கொடுத்த பெண்களுக்குப் பிறந்த வீட்டுச் சேலை கிறிஸ்துமஸுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது நீ போட்ட சட்டம். நீ எடுப்பாய், துறையூரில் பெரியக்காவுக்கும் ஸ்ரீரங்கத்தில் சின்னக்காவுக்கும் நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். தூக்கிச் சுமப்பதுதான் கஷ்டம் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். எடுப்பது அதைவிடப் பெரும்பாடு என்று நீ ஒருநாளும் சொன்னதில்லையே?

ஆபீசில் வருஷக் கடைசி சரக்கு சரிபார்ப்பு. போல்ட்டையும் நட்டையும் எண்ணிக் கண் பூத்துப்போய், கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம்தான் பெரிய கடைவீதிக்குப் போக முடிந்தது. இருவருக்கும் ஒரே சேலை, ஒரே நிறம். இல்லாவிட்டால் பேச்சு வரும். அது நினைவில் இருந்தது. ஆனால் கடையில் கிடைத்தது ஒரே டிசைனில் ஒரு பச்சையும் ஒரு மஞ்சளும். அந்தக் கூட்டத்தில் முழங்கையால் இடி வாங்கிக்கொண்டு நின்றவனுக்கு, டிசைன் ஒன்றுதானே என்று பட்டது. ஆம்பளைப் புத்தி. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலைப் பூசைக்குக் குளித்துவிட்டு வந்து பீரோவைத் திறந்தால், எனக்குப் புதுச் சட்டை இல்லை. ரீட்டாவுக்கு அவள் அண்ணன் சேலை கொண்டுவந்திருந்தார். பையன் தனக்கு வேண்டியதை ஆன்லைனில் எடுத்துக்கொண்டான். ரீட்டா பதறிப்போய், "எப்பவும் அத்தைதானே உங்களுக்கு எடுப்பாங்க? எனக்குத் தோணவே இல்லைங்க" என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, எனக்கே தோன்றவில்லை. நீயானால் ஒரு சைஸ் பெரிதாகவே எடுப்பாய். தலை நரைத்த பிறகும் "வளர்ற புள்ள" என்பாய். தோள் தொங்குகிறது என்று முனகிக்கொண்டே நானும் போட்டுக்கொள்வேன்.

இஸ்திரி போட்ட பழைய நீலச் சட்டையோடு கோவிலுக்குப் போனேன். யாரும் கவனிக்கவில்லை. ஐம்பது தாண்டியவன் புதுச் சட்டை இல்லையென்று பூசை முழுக்கக் காலரையே தடவிக்கொண்டிருந்தான் என்றால் ஊர் சிரிக்கும். உன்னிடம் சொல்லலாம்.

மத்தியானம் ஸ்ரீரங்கம் கிளம்பினேன். வைகுண்ட ஏகாதசி நெருங்குகிற நேரம் அல்லவா, காவிரிப் பாலத்தில் பஸ் நகரவே இல்லை. சின்னக்கா சேலையைப் பிரித்துப் பார்த்தாள், புது வருஷப் பூசைக்குக் கட்டிக்கொள்கிறேன் என்றாள். பிறகு மெதுவாக, "அக்காவுக்கும் பச்சைதானா?" என்று கேட்டாள். "அதுக்கு மஞ்சள்" என்றேன். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. நான் திரும்பிப் பாலத்தைத் தாண்டுவதற்குள் துறையூருக்குப் போன் போய்விட்டது.

அடுத்த நாள் துறையூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வந்தேன். புது வருஷத்திலிருந்து இது வேண்டாம். வேண்டாம் என்று நினைத்த உடனே பயமும் வந்தது. நீ போன பிறகு அவர்களுக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருப்பது இந்தப் பை ஒன்றுதானே? இதையும் நிறுத்திவிட்டால் அவர்களுக்கு நான் யார்?

பெரியக்கா கவரைப் பிரிக்கக்கூட இல்லை. "மஞ்சள்தானே? செல்வி போன்ல சொன்னா. எனக்கு மஞ்சள் எடுப்பா இருக்காதுன்னு அம்மாவுக்குத் தெரியும்" என்றாள்.

"அம்மா எடுக்கலக்கா. நான் எடுத்தேன். எனக்குத் தெரியல" என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "இதோட இந்தச் சேலைக் கதையை நிறுத்திக்கலாம். என்னால முடியல."

அவள் எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள். பொறுமையாகப் பேசியிருக்கலாமோ என்று நான் நெளிந்துகொண்டிருந்தபோது, ஒரு பெரிய டின்னை அணைத்துக்கொண்டு வந்தாள்.

"நெஜமாத்தான் சொல்றியா?"

"ஆமாக்கா."

"அப்பாடா" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் பார்த்தேன், வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தாள். சேலை கொண்டுவருகிறவனை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதென்று வலிக்கிற கையால் முறுக்கு பிழிந்திருக்கிறாள், அதிரசம் தட்டியிருக்கிறாள். "நீ கொண்டு வரியேன்னு நான் பிழியறேன். நான் பிழியறேன்னு நீ கொண்டு வர. ரீட்டாவுக்கு பிரஷரு, உனக்கு சுகரு. இதை யாருடா திங்கிறது?" என்றாள். உண்மையைச் சொன்னேன்: பாதியை ஆபீசுக்கு எடுத்துப்போய்விடுவேன். இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். நீ போன பிறகு நாங்கள் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

சிரிப்பு அடங்கியதும் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உனக்கு யாருடா சட்டை எடுத்தா?"

"யாருமில்ல" என்றேன்.

சாப்பாடு போட்டாள், மீன் குழம்பு. நான் கிளம்பியபோது, வழக்கமில்லாத வழக்கமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை கூடவே வந்தாள்.

"அப்ப அடுத்த வருஷம் நீ எதுக்குடா வருவ?" என்று வழியில் கேட்டாள். நீ என்ன சொல்லியிருப்பாய் அம்மா? திருச்சி பஸ் வந்து நின்றது. ஏறப்போனவனின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இத்தன வருஷமா நீ வந்துட்டுப் போனா, எங்கம்மா அனுப்பிருக்கு பாருங்கன்னு பக்கத்து வீட்டுல சேலையத்தான் காட்டியிருக்கேன். என் தம்பி வந்திருக்கான்னு ஒருநாளும் சொன்னதில்லடா."

கண்டக்டர் விசிலடித்துவிட்டார். ஏறிக்கொண்டேன். முசிறி ரோடு பிரிகிற வரைக்கும் யாரிடமும் முகத்தைக் காட்டவில்லை.

உன் சட்டத்தை மீறுகிறேன் அம்மா, கோபித்துக்கொள்ளாதே. பொங்கல் லீவில் துறையூருக்குப் போகிறேன், அதற்கடுத்த ஞாயிறு ஸ்ரீரங்கம். கையில் ஒன்றும் இருக்காது. வாசலில் எப்படி நிற்பது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று இப்போதே கூச்சமாக இருக்கிறது. கதவைத் திறந்ததும் அவர்கள் பார்ப்பது என்னை மட்டும்தான். அது போதுமா என்று தெரியவில்லை. ஆனாலும் போவேன். உன்மேல் சத்தியம்.

இப்படிக்கு,
உன் கடைசிப் பிள்ளை,
அவங்க ரெண்டு பேருக்கும் தம்பி,
தாஸ்