மூன்றாம் ஓலை

சேசு மரி சூசை துணை
கூலாய் தோட்டம்

என் வீட்டு மகாராணிக்கு,

நம்ம மக அருளாயிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை தம்போய் ஊர்க்காரன் சந்தியாகு, நல்ல பையன்தான். உபதேசியார் முன்னால விசுவாச மந்திரம் சொல்லச் சொன்னா பாதியில நின்னு முழிக்கிறான். இவ வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறா. அப்படியே உன் சிரிப்பு.

நீ ஊருக்குக் கப்பலேறின பிறகு நான் போட்ட கடுதாசி எதுக்கும் பதில் இல்லை. தபால்காரனுக்கு என்மேல கோபம் போல.

கோயில்ல மூணு ஞாயிறு வாசிக்கிற கல்யாண ஓலையை எழுதும்போது உபதேசியார் மெதுவாக் கேட்டார்: "தாயார் பேருக்கு முன்னால காலஞ்சென்றன்னு போடவா?"

"அவ காதுல விழுந்தா நம்ம ரெண்டு பேரையும் உண்டு இல்லைன்னு பண்ணிடுவா. வெறும் பேரைப் போடுங்க" என்றேன். அவர் சிரிக்கலை.

ரெண்டு ஞாயிறு பூசையில உன் பேரை வாசிச்சாச்சு. இந்தக் கல்யாணத்துக்குத் தடை தெரிஞ்சவங்க வந்து சொல்லுங்கன்னு சாமியார் கேட்கும்போதெல்லாம் நான் வாசலைத் திரும்பிப் பார்க்கிறேன்.

வருகிற ஞாயிறு மூன்றாம் ஓலை. அதுக்குள்ள இந்தக் கடுதாசி உன் கைக்கு வராது, தெரியும். இருந்தாலும் சொல்றேன், தடை சொல்லவாவது வந்து நில்லேன்.

இப்படிக்கு,
உன்கிட்டத் திட்டு வாங்கி நாளாகிப்போன
உன் வீட்டுக்காரன்