நூற்றுப் பத்து சென்டிமீட்டர் ரோஷம்

மார்ச் 3, ஞாயிறு

தண்ணீருக்கடியில் மீன் அடிக்கிற ஈட்டித் துப்பாக்கி வாங்கிவிட்டேன். நூற்றுப் பத்து சென்டிமீட்டர். கடையில் இருந்ததிலேயே நீளமானது.

எழுபத்தைந்தைத்தான் எடுப்பதாக இருந்தேன். கூட வந்த நாத்தனார் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அண்ணி, நீங்க குட்டையா ஒண்ணு எடுங்க, அதுதான் சரியா இருக்கும்" என்றாள். கல்யாணமாகி வந்த நாள் முதல் அந்த வீட்டில் என் உயரத்தைக் கேலி செய்யாதவர் யாருமில்லை. குடும்பமே நெட்டைக் கொக்கு. ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கடைக்காரரிடம், "அந்தக் கடைசியில இருக்கிறதை எடுங்க" என்றேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற நாத்தனாரே எழுபத்தைந்துதான் வைத்திருக்கிறாள். இனி என்னுடையதுதான் நீளம்.

இவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "உன்னைவிடக் கொஞ்சம்தான் குள்ளம்" என்றார். முழங்கால் தண்ணீரில் நிற்கவே இவருக்குப் பயம். பேச்சுக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

மார்ச் 4, திங்கள்

இந்த மாதக் கடைசி ஞாயிறு படகுக்காரர் தூரத்துப் பாறைக்கு ஆட்களைக் கூட்டிப் போகிறார். வருஷத்துக்கு ஒரே தடவை. ஜோடியாகத்தான் ஏற்றுவார். ஒருத்தர் மூச்சைப் பிடித்து முங்கினால் மற்றவர் மேலே மிதந்து காவல் இருக்க வேண்டும். இரண்டு பேருமே தங்கள் கையால் ஒரு மீனாவது அடித்தவர்களாக இருக்க வேண்டும். "பழக்கமில்லாதவங்க கையில ஈட்டியைக் கொடுத்துட்டு நான் படகுல நிம்மதியா உட்கார முடியாதும்மா" என்கிறார். நியாயம்தான்.

நானோ இரண்டு வருஷமாக மிதவையைப் பிடித்துக்கொண்டு காவல் மட்டும் இருந்தவள். நாத்தனாருக்கு வேறு ஜோடி கிடைக்கும். "நீங்க வந்தா போவோம். இல்லன்னா நானும் போகல" என்று முடித்துவிட்டாள்.

எனக்குப் போயே ஆக வேண்டும். இந்த வயதில் இப்படி ஒரு ஆசை வரும் என்று யார் கண்டது?

மார்ச் 10, ஞாயிறு

அலைத் தடுப்புச் சுவர் ஓரம், காலையில். துப்பாக்கியில் ஈட்டியைத் தள்ளும் ரப்பரை இழுத்து மாட்ட என் கை எட்டவில்லை. அடிக்கட்டையை வயிற்றில் ஊன்றி, எக்கி, பல்லைக் கடித்து — ம்ஹூம். ஒவ்வொரு தடவையும் நாத்தனார்தான் மாட்டிக் கொடுத்தாள். சிரிக்காமல் கொடுத்தாள், அதுதான் எரிச்சல்.

கீழே போனால் பாறைகளுக்கு நடுவே துப்பாக்கியைத் திருப்ப முடியவில்லை. நான் இடித்து, முட்டி, திருப்பி முடிப்பதற்குள் கொடுவா மீன் குடும்பத்தோடு கிளம்பிப் போயிருந்தது.

மீன் பூஜ்யம். வயிற்றில் நீலமாகக் கன்றியிருக்கிறது. ஆனாலும் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது. அந்த அமைதியில் என் நெஞ்சு அடிப்பது எனக்கே கேட்டது.

மார்ச் 16, சனி

எழுதக் கை வரவில்லை.

இன்று தண்ணீர் ஒரே கலங்கல். நீட்டிப் பிடித்தால் ஈட்டி முனையே மங்கல். பாறைக்கு அந்தப் பக்கம் வெள்ளையாக ஒன்று அசைந்தது. பெரிய மீன் என்று நினைத்தேன். குறி வைத்தேன். விரல் விசைமேல்.

அது நாத்தனாரின் கால் துடுப்பு. நேரமாகியும் நான் மேலே வரவில்லையே என்று தேடி இறங்கியிருக்கிறாள்.

அடிக்கல. அடிக்கலதான். ஆனா அடிச்சிருந்தா? எனக்கெதுக்கு இந்த வேலை? இவர்கிட்ட என்னன்னு சொல்லியிருப்பேன், உங்க தங்கச்சியை நான் —

தலைவலி என்று சொல்லிக் கரையேறிவிட்டேன். பாவி, என் பையையும் சேர்த்து அவளே தூக்கிக்கொண்டு வந்தாள்.

மார்ச் 18, திங்கள்

நான் கண் பரிசோதிக்கிற மூக்குக் கண்ணாடிக் கடைக்கு இன்று ஒரு பாட்டு டீச்சர் வந்தார். வந்ததும் வராததுமாக, "எங்க அக்கா போட்டிருக்கிற பவரையே எனக்கும் குடுத்துடுங்க" என்றார்.

"முதல்ல உங்களுக்கு எது வரைக்கும் தெரியுதுன்னு பார்ப்போம். கண்ணாடி அப்புறம்" என்று எழுத்துப் பலகைக்கு முன்னால் உட்கார வைத்தேன். சொல்லி வாயை மூடவில்லை, எனக்கே சுருக்கென்றது. ஊரையே இந்தக் கேள்வி கேட்கிறவள், துப்பாக்கி வாங்கும்போது மட்டும் என்னை நானே கேட்கவில்லையே. மூன்று கை தூரம்கூடத் தெரியாத தண்ணீரில், அதைத் தாண்டிப் பாயும் ஈட்டி எதற்கு? கண்ணுக்குத் தெரியாததைக் குறி வைக்கவா?

கடை மூடியதும் நேராக நாத்தனார் வீட்டுக்குப் போனேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் கை நின்றது.

"சொல்லாம இறங்கினது என் தப்பும்தான்" என்றாள். அப்புறம், "பெரிய மீனுன்னுதானே நெனச்சீங்க? சின்ன மீனுன்னு நெனச்சிருந்தாதான் கோபம் வந்திருக்கும்."

சிரித்தேன். சிரிக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது.

"அன்னைக்கு நான் உங்க உயரத்தைச் சொல்லல அண்ணி. தண்ணியைச் சொன்னேன். நம்ம பக்கம் கலங்கல், பாறை இடுக்கு, குட்டைதான் லாயக்கு."

"அதைச் சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

"எங்க சொல்ல விட்டீங்க? அதுக்குள்ள அந்தக் கடைசியில இருக்கிறதை எடுங்கன்னுட்டீங்க."

ஒரு நேரத்தில் ஒருத்திதானே முங்குகிறோம், அவளுடைய எழுபத்தைந்தே இரண்டு பேருக்கும் போதும் என்று பேசிக்கொண்டோம். மீன் முழுசாகத் தெரியாமல் விசையைத் தொடுவதில்லை. என் நூற்றுப் பத்து பீரோவுக்குப் பின்னால் போய்விட்டது.

மார்ச் 23, சனி

எழுபத்தைந்தின் ரப்பர் முதல் இழுப்பிலேயே மாட்டிக்கொண்டது. நானே மாட்டினேன். மீன்தான் ஒன்றும் வரவில்லை. நாளை ஒரு நாள்தான் மிச்சம்; அதோடு படகுக்காரர் ஆள் கணக்கை முடித்துவிடுவார்.

மார்ச் 24, ஞாயிறு

கொடுவா. என் கையால்.

பாறை நிழலில் அசையாமல் கிடந்தேன். அதுவே எட்டிப் பார்க்க வந்தது. செதில் செதிலாகத் தெரிகிற தூரம். துப்பாக்கி சொன்னபடி திரும்பியது. மேலே வந்தபோது நாத்தனார் மிதவையை விட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் சேர்ந்து உப்புத் தண்ணீர் குடித்தோம்.

படகுக்காரர் மீனைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "வர்ற ஞாயித்துக்கிழமை சீக்கிரம் வந்துடுங்க" என்றார். அவ்வளவுதான். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

இவர்தான் பொரித்தார். "முள்ளு ஜாஸ்தி" என்று குறை சொல்லிக்கொண்டே பாதிக்குமேல் சாப்பிட்டதும் இவர்தான்.

மார்ச் 31, ஞாயிறு

படகு கிளம்புகிற நேரம் இவர் நூற்றுப் பத்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். முழங்கால் தண்ணீரில். "பீரோவுக்குப் பின்னாடி கிடந்து என்ன பண்ணப்போகுது, இந்தா" என்று நீட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கரைக்கு ஓடினார்.

தூரத்துப் பாறை. நங்கூரம் இறங்கியதும் நாத்தனார் இரண்டு துப்பாக்கிகளையும் பார்த்தாள்.

"எதை எடுக்கட்டும் அண்ணி?"

"எது வரைக்கும் தெரியுது?" என்றேன்.

முகக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படகு விளிம்பில் கவிழ்ந்து தலையைத் தண்ணீருக்குள் விட்டாள். சீக்கிரம் வெளியே வரவில்லை. வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"உங்க கடைப் பலகையில கடைசி வரி வரைக்கும்."

நூற்றுப் பத்தை எடுத்து அவளிடம் கொடுத்தேன். அவளுடைய நீளக் கைகளுக்கு ரப்பர் ஒரே இழுப்பில் மாட்டிக்கொண்டது. அவள் முங்கினாள், நான் மேலே மிதந்து காவல் இருந்தேன். இறங்க இறங்க அவள் கால் துடுப்பின் வெள்ளை, அடித்தரை வரைக்கும் எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.